ரீடிங் எடுப்பவர்

புகைபிடிப்பீர்களா என்று கேட்டார் டாக்டர். இல்லை.
சாயப்பட்டறை, ரப்பர், பெயின்ட்? இல்லை.
எந்த ஊர்?
இதே ஆன்தோஃபகாஸ்தாதான், பிறந்தது முதல்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மழை பெய்யாத ஊர்.
மலையிலிருந்து குழாயில் வந்த ஆற்றை
அறுபதுகளில் ஊரே குடித்தது.
ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை.
அப்பாவுக்குப் பதினெட்டு வயது.
தண்ணீர் கம்பெனியில் புதிதாய்ச் சேர்ந்து
வீடு வீடாய் மீட்டர் பார்த்தார்.
யார் வீட்டில் எத்தனை லிட்டர் என்று
தன் கையால் எழுதிக்கொடுத்தார்.
அதைப் பற்றி அவர் பேசியது ஒரே தடவை,
மயக்க மருந்து முழுசாய் இறங்காத ராத்திரியில்:
"மேட்டுத் தெருவில் மொத்தம் நாற்பது வீடு, யஸ்னா."
அவ்வளவுதான்.

ஏழு மணி நேரம்.
மூத்திரப்பையை எடுத்துவிட்டு
சிறுகுடலில் ஒரு சாண் வெட்டி
தொப்புளுக்கு வலப்பக்கம் வாய் வைத்தார்கள்.
எண்சாண் உடம்பில் ஒரு சாண் இடம் மாறியதும்
மீதி ஏழும் வேறு யாருடையதோ போல
கட்டிலில் கிடந்தார்.

நர்ஸ் மகாலி எனக்குக் காட்டித்தந்தாள்.
விடிந்ததும் மாற்று, காபி குடிக்கும் முன்,
அப்போதுதான் சொட்டு குறைவு.
வெந்நீர். துணி. ஒற்று, தேய்க்காதே.
வளைந்த கத்தரியால் ஒரு வட்டம், முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
ஒட்டியபின் உள்ளங்கைச் சூட்டில்
ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி.

அந்த ஒரு நிமிஷம் போகவே போகாது.
என் கை அப்பாவின் வயிற்றில்.
அவர் கண் கூரையில்.
நான் கூரையைப் பார்த்தால் அவர் ஜன்னலைப் பார்ப்பார்.
கடற்கரையில் எல்லோரும் வெற்றுடம்போடு நிற்க
கழுத்துவரை பொத்தான் போட்டு நின்ற மனிதர்.

சிவப்பாய், ஈரமாய், தானே சுருங்கி விரியும் அதற்கு
நான்காம் நாள் அவரே பேர் வைத்தார்: இன்ஸ்பெக்டர்.
முப்பது வருஷம் தன் தலைமேல் இருந்த ஆள்,
வாயை மூடியதே இல்லையாம்.
நான் சிரித்தேன்.
தையலைப் பிடித்துக்கொண்டு அவரும்.

தம்பி மிர்கோ சுரங்கத்திலிருந்து போன் செய்வான்,
ஷிப்ட் முடிந்து, மூச்சில் தூசியோடு.
பழையபடி ஆகிவிடுவாரா?
பழையபடி என்றால் எதுவரை, மிர்கோ?
அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னா?
இதைச் சொல்லவில்லை.
சூப் குடித்தார் என்றேன்.

நோட்டில் எழுதினேன்: காலை 350.
"பாட்டிலை மேசையில் வை. குனி.
கண்ணும் கோடும் நேராய் வரணும்.
முந்நூற்று முப்பது."
படுத்த இடத்திலிருந்தே சொன்னார்.
குனிந்து பார்த்தேன். முப்பதுதான்.

மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி
குழாய்ச் சத்தம் கேட்டு எழுந்தேன்.
பை விட்டுப்போயிருக்கிறது.
விளக்கைப் போடாமல், சுவரில் தோளைச் சாய்த்து,
படுக்கை விரிப்பைத் தானே அலசிக்கொண்டிருந்தார்.
அந்த நேரத்திலும்
குழாயை நூலளவுதான் திறந்திருந்தார்.
கதவு வரை போனேன்.
திரும்பி வந்து படுத்து
தூங்குகிறவள் போல மூச்சு விட்டேன்.
இந்த உதவியை
மகாலி எனக்குக் காட்டித்தரவில்லை.

காலையில் கொடியில் விரிப்பு.
கடல் மூடுபனி மேடேறி வந்து
பாதி காய்ந்ததை மறுபடி நனைத்திருந்தது.
இருவரும் பார்த்தோம். பேசவில்லை.
சட்டைக்கடியில் புதுப் பை,
அவரே வெட்டிய வட்டம் கொஞ்சம் கோணல்.
ஒட்டியிருந்தது.

நோட்டைத் திறந்தேன்.
என் கிறுக்கலுக்குக் கீழே
நிமிர்ந்த எண்கள், கம்பெனி எழுத்து:
3.10. கசிவு. அளவு தெரியவில்லை.
6.00. 410.
பக்கத்தில் கையெழுத்து.
கையெழுத்துக்குக் கீழே
பழைய பணியாளர் எண்.